ஜூலை 4, நியூயார்க், 2,130 அட்டெண்டன்ஸ்

2014-ல தலையில ஐஸ் தண்ணி பக்கெட்டைக் கவுத்துக்கிட்டு வீடியோ போட்ட கூட்டம் ஞாபகம் இருக்கா? நாம அப்போ ஸ்கூல்ல இருந்தோம். எதுக்காக ஊத்திக்கிறாங்கன்னு தெரியாமலே சிரிச்சுப் பார்த்திருப்போம். அது ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு நோய்க்கு நிதி திரட்ட நடந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்ததும் அதே நோய்தான்.

அமெரிக்காவுல அந்த நோய்க்கு இன்னொரு பேர் உண்டு: லூ கெரிக் நோய். அவர் அதைக் கண்டுபிடிச்ச டாக்டர்னு நினைச்சா தப்பு. அவர் ஒரு பேஸ்பால் ப்ளேயர். அவர் பேர் பேஸ்பாலைத் தாண்டி எல்லாருக்கும் தெரிய முக்கியக் காரணம், 1939 ஜூலை 4-ம் தேதி நியூயார்க்கில் அவர் பேசின ரெண்டு நிமிஷப் பேச்சு.

ஜூலை 4 அமெரிக்காவோட சுதந்திர தினம். அந்த நாள்ல நியூயார்க் மாநிலத்து மைதானங்கள்ல நடந்த சில விஷயங்களை இன்னைக்கும் பேசுறாங்க. அதுல நாலைத்தான் இங்க சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி, லீவு நாளுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு பார்த்திடுவோம்.

லீவு நாள்ல மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம்?

பேஸ்பாலின் ஆரம்ப காலத்துல மைதானத்துல ஃப்ளட்லைட் கிடையாது. மேஜர் லீக்கில் முதல் இரவு மேட்ச் நடந்ததே 1935-லதான், அதுவும் சின்சினாட்டியில். அதனால மேட்ச் எல்லாம் மத்தியான நேரத்துலதான். ஃபேக்டரியில வேலை பார்க்கிறவர் எப்படிப் போவார்? சரி, ஞாயித்துக்கிழமை போகலாமே என்றால், நியூயார்க்கில் 1919 வரைக்கும் ஞாயிறு அன்று டிக்கெட் போட்டு பேஸ்பால் ஆட சட்டமே அனுமதிக்கலை. அது சர்ச்சுக்குப் போற நாள்.

ஆக, சாதாரண ஜனங்க மைதானத்துக்குப் போக மிச்சமிருந்தது அரசு விடுமுறைகள்தான். கோடைக்காலத்துக்கு நட்டநடுவுல வர்ற ஜூலை 4-ஐ கிளப்புகள் விடுமா? ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் வச்சாங்க. அதுக்கு டபுள்ஹெடர்னு பேர்.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக ரெண்டே வரி. ஒரு டீமுக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் மூணு அவுட், மொத்தம் 27 அவுட். பந்து போடுறவர் பிட்ச்சர். எதிர் டீம்ல ஒருத்தர்கூட பந்தை ஒழுங்கா அடிச்சு பேஸுக்குப் போக முடியாமல் ஒரு மேட்ச் முழுக்கக் கட்டிப்போட்டால் அதுக்குப் பேர் நோ-ஹிட்டர். ஒருத்தரைக்கூட எந்த வழியிலயும் பேஸை எட்ட விடாமல் 27 பேரையும் வரிசையா அனுப்பினால் அது பெர்ஃபெக்ட் கேம்.

1908: ஒரே ஒரு பந்து

அந்த வருஷ ஜூலை 4, நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் மேட்ச். இடம் மன்ஹாட்டனின் போலோ கிரவுண்ட்ஸ். ஜெயன்ட்ஸ் பிட்ச்சர் ஹூக்ஸ் வில்ட்ஸி வரிசையா 26 பேரை அவுட் ஆக்கிட்டார். இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. வந்தவர் எதிரணி பிட்ச்சர் ஜார்ஜ் மெக்குவிலன். பேட்டிங் அவர் வேலையே இல்ல.

ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்தாச்சு. வில்ட்ஸி போட்ட அடுத்த பந்து மூணாவது ஸ்ட்ரைக் மாதிரிதான் இருந்தது. அம்பயர் ரிக்லர் இல்லைன்னுட்டார். அதுக்கடுத்த பந்து மெக்குவிலன் மேலயே பட்டது. பந்து மேல பட்டால் பேட்டர் ஓடாமலே முதல் பேஸுக்குப் போயிடலாம். பெர்ஃபெக்ட் கேம் போச்சு.

ஆனா ஸ்கோர் இன்னும் 0-0, அதனால ஆட்டம் முடியலை. வில்ட்ஸி தலையில கை வச்சு உட்காரலை. பத்தாவது இன்னிங்ஸும் போட்டார், அதுலயும் ஹிட் கொடுக்கலை. ஜெயன்ட்ஸ் 1-0-ன்னு ஜெயிச்சது. பத்து இன்னிங்ஸ் நோ-ஹிட்டர் சின்ன விஷயமில்லை. முன்னாடி போட்ட அந்தப் பந்தை ஸ்ட்ரைக்னு சொல்லியிருக்கணும்னு பின்னாடி அம்பயரே ஒத்துக்கிட்டதா சொல்வாங்க. ஒத்துக்கிட்டு என்ன பண்றது? அப்போ டி.ஆர்.எஸ். இல்லையே.

1939: மைக் முன்னாடி நின்றவர்

இப்போ லூ கெரிக் கதைக்கு வருவோம். நியூயார்க்கிலேயே பிறந்தவர். ஜெர்மனியிலிருந்து குடியேறின ஏழைக் குடும்பம். நமக்கு நெருக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு: கொலம்பியா யுனிவர்சிட்டியில அவர் படிக்கப் போனது என்ஜினியரிங். பாதியில விட்டுட்டு 1923-ல யாங்கீஸ் அணியில சேர்ந்தார்.

1925 ஜூன் 1-ல ஆரம்பிச்சு ஒரு மேட்ச்கூட விடாமல் ஆடினார். ஜூன் 2-ம் தேதி வாலி பிப் என்கிறவருக்குப் பதிலா முதல் பேஸ்ல இறக்கினாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்தை யாராலயும் பிடிக்க முடியலை. விரல் உடைஞ்சது, முதுகு பிடிச்சது, தலையில பந்து பட்டது, எதுக்கும் லீவு போடலை. 14 வருஷம், தொடர்ந்து 2,130 மேட்ச். 75% அட்டெண்டன்ஸுக்கு எச்.ஓ.டி. ரூம் வாசல்ல நிக்கிற நமக்கு இந்த நம்பர் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். வெறும் வருகைப் பதிவும் இல்ல, 493 ஹோம் ரன் அடிச்சவர்.

1938-லயே அவர் ஆட்டத்துல ஏதோ சரியில்லை. 1939 சீசன்ல எட்டு மேட்ச், 28 தடவை பேட்டிங், நாலே நாலு ஹிட். பயிற்சி போதலைன்னு நினைச்சு இன்னும் அதிகமா உழைச்சார். ஏ.எல்.எஸ். என்ன செய்யும்னா, தசைக்குக் கட்டளை கொண்டு போற நரம்பு செல்களைக் கொன்னுடும். கட்டளை போகாத தசை தேய்ஞ்சுக்கிட்டே வரும். அதனால எவ்வளவு உழைச்சாலும் பலன் இல்ல. அது அவருக்கு அப்போ தெரியாது.

ஏப்ரல் 30. ஒரு சாதாரணமான அவுட். ஸ்கூல் பையன்கூட செய்யக்கூடியது. அதைச் செஞ்சதுக்கு டீம்ல இருந்தவங்க ஓடி வந்து பாராட்டினாங்க. அந்தப் பாராட்டுலதான் அவருக்கு உண்மை புரிஞ்சது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு நம்மைப் பாராட்டுறாங்கன்னா, நம்ம நிலைமை என்ன?

மே 2, டெட்ராய்ட். மேனேஜர் ஜோ மெக்கார்த்தியிடம் போய், இன்னைக்கு என்னை உட்கார வைங்கன்னு கெரிக்கே கேட்டார். மெக்கார்த்தி தானா அவரை ஒருநாளும் நீக்கியிருக்க மாட்டார். தற்செயலா அன்னைக்கு பார்வையாளர் கூட்டத்துல வாலி பிப்பும் இருந்தார்.

ஜூன் 19, அவருடைய 36-வது பிறந்தநாள். அன்னைக்குத்தான் மேயோ கிளினிக்கில் நோயின் பேரைச் சொன்னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஜூலை 4. யாங்கீ ஸ்டேடியத்துல வாஷிங்டனோட டபுள்ஹெடர். 61,808 பேர் வந்திருந்தாங்க. ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல கெரிக்குக்குப் பாராட்டு விழா. பரிசுகளைக் கையில கொடுக்கக் கொடுக்க அவர் கீழே வச்சுக்கிட்டே இருந்தார், அவற்றைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக்கூட உடம்புல தெம்பில்லை. பேச வேண்டாம்னுதான் நினைச்சிருந்தார். கூட்டம் விடலை, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது.

மைக் பக்கத்துல வந்தார். உடம்பு இப்படி ஆனதை ஒரே வரியில தாண்டிட்டு, இருந்தாலும் இந்தப் பூமியிலேயே ரொம்ப அதிர்ஷ்டசாலி நான்தான்னு சொன்னார். மிச்ச நேரம் முழுக்க நன்றிதான். கூட ஆடினவங்க, மேனேஜர்கள், எதிர் அணி, மைதானத்தைப் பராமரிக்கிற ஊழியர்கள், அப்பா அம்மா, மனைவி. மகளோட சண்டை வந்தால் மருமகன் பக்கம் நிக்கிற மாமியாரைக்கூட விடலை. முடிச்சதும் பேப் ரூத் வந்து கட்டிப்பிடிச்சார். நடுவுல சில வருஷம் ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையே இல்லாம இருந்தவங்க.

அந்தப் பேச்சு முழுசா பதிவாகலை. நியூஸ்ரீலில் மிஞ்சினது சில வரிகள்தான். மீதியைப் பத்திரிகைகளை வச்சுத்தான் சேர்த்திருக்காங்க.

யாங்கீஸ் அவருடைய 4-ம் நம்பர் ஜெர்ஸியை இனி யாருக்கும் தர்றதில்லைன்னு முடிவு பண்ணாங்க. மேஜர் லீக்கில் ஒரு வீரருக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட முதல் நம்பர் அதுதான். அந்த நம்பரே பேட்டிங் வரிசையிலிருந்து வந்தது: ரூத் மூணாவது, கெரிக் நாலாவது. 1941 ஜூன் 2-ல இறந்துட்டார், வயசு 37. பிப்போட இடத்துக்கு வந்து சரியா 16 வருஷம்.

1950: கொண்டாட்டத்தின் மறுபக்கம்

ஜூலை 4 எப்பவும் நல்ல கதையா முடியலை. 1950-ல அதே போலோ கிரவுண்ட்ஸ்ல மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாடி, சீட்ல உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர் சரிஞ்சு விழுந்தார். பக்கத்துக் கட்டட மொட்டைமாடியிலிருந்து 14 வயசுப் பையன் ஒருத்தன் துப்பாக்கியால சுட்டிருந்தான். யாரையும் குறி வைக்கலை. குண்டு வந்து விழுந்த இடத்துல ஒரு மனுஷன் இருந்தார், அவ்வளவுதான். அந்த மரணத்துக்குப் பிறகும் அன்னைக்கு மேட்ச் நடந்தது.

1983: கடைசி அவுட்

யாங்கீ ஸ்டேடியம், எதிரே பரம எதிரி பாஸ்டன் ரெட் சாக்ஸ். அணியின் முதலாளி ஜார்ஜ் ஸ்டெய்ன்ப்ரென்னருக்கு அன்னைக்குப் பிறந்தநாள் வேற. 24 வயசு இடதுகை பிட்ச்சர் டேவ் ரிகெட்டி ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு ஹிட்கூட தரலை. கடைசி ஆளா வந்தவர் வேட் பாக்ஸ். அந்த சீசன்ல அமெரிக்கன் லீக் பேட்டிங் சாம்பியன் ஆனவர், லேசுல ஸ்ட்ரைக் அவுட் ஆகாதவர். 1908-ல வில்ட்ஸிக்குக் கடைசியா வந்தது பேட்டிங் தெரியாத பிட்ச்சர். இங்க வந்தது இப்படி ஒருத்தர். ரிகெட்டி போட்ட ஸ்லைடரை பாக்ஸ் வீசி அடிச்சார், படலை. 4-0. 1956-க்கு அப்புறம் யாங்கீஸுக்குக் கிடைச்ச முதல் நோ-ஹிட்டர்.

அடுத்த வருஷமே அணி அவரை மேட்ச் முடிவுல மட்டும் வந்து போடுற வேலைக்கு மாத்திடுச்சு. நோ-ஹிட்டர் போட்ட ஆளை யாராவது அப்படி மாத்துவாங்களான்னு கேட்டவங்க நிறைய. 1986-ல அந்த வேலையில 46 சேவ் எடுத்து அப்போதைய சாதனையைப் படைச்சார்.

இதுல நமக்கு என்ன?

கெரிக்கோட 2,130-ஐ 1995-ல கால் ரிப்கன் ஜூனியர் தாண்டிட்டார். சாதனைன்னா ஒருநாள் யாராவது தாண்டத்தான் செய்வாங்க. எனக்குப் பெருசா படுறது அந்த மே 2. தொடர்ந்து ஆடியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டாங்க, நம்பர் ஏறிக்கிட்டே போயிருக்கும், டீம் தோத்துக்கிட்டே இருந்திருக்கும். எப்ப நிறுத்தணும்னு அவரே முடிவு பண்ணினார்.

ஃபைனல் இயர்ல நாம எல்லாரும் ஏதோ ஒரு தொடர்ச்சியை உடையாமல் காப்பாத்திக்கிட்டு இருக்கோம். அரியர் இல்லாத ரெக்கார்டு, சி.ஜி.பி.ஏ., தூக்கமே இல்லாத ப்ரிப்பரேஷன். உடம்பு சொல்றதைக் கேட்காமல் ஓடுறதை உழைப்புன்னு நினைச்சுக்கிறோம். 2,130 மேட்ச் ஓடினவரே ஒருநாள் நின்னு, இன்னைக்கு என்னால முடியலைன்னு வாய்விட்டுச் சொன்னார். உங்க ஹாஸ்டல் ரூம்ல யாராவது அப்படிச் சொன்னா, தயவுசெஞ்சு சோம்பேறின்னு கிண்டல் பண்ணாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க.