சட்டைக் கைக்குள் மறைத்த காயம்

தோட்டத்தில் யார் நீளக்கைச் சட்டை போட்டாலும் நாம் ஏன் என்று கேட்பதில்லை. கொசுக்கடிக்கும் பால் கறைக்கும் பயந்து, மரம் சீவப் போகும் நம் பெண்கள் அந்தக் காலந்தொட்டே கை மூடிய சட்டைதான் போட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை, நடுப்பகல் வெக்கையில், வீட்டுக்குள்ளேயும் அந்தச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தால்?

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பழைய லயத்து வாசலில் வைத்து ஒரு பாட்டி நம்மிடம் சொன்ன கதை இது. பேர் ஊர் வேண்டாம்.

"துணி தொவைக்கக் கேட்டப்பதான்யா பார்த்தேன். கை பூரா தழும்பு. அவ அப்பன் அடிக்கப் பாய்ஞ்சான். அம்மாக்காரி சாமி பார்க்கணும்னா. பக்கத்து வீட்டுல, காதல் சமாச்சாரமா இருக்கும்னாங்க. அவகிட்ட மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேக்கலை."

தாய்க்காரி சிங்கப்பூர் வேலைக்காக விடியற்காலை நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவள். இரவு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். தகப்பனுக்குச் சம்பள நாளில் நிதானம் இருக்காது. தமிழ்ப்பள்ளியில் கெட்டிக்காரியாக இருந்த பெண், இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் பாடம் புரியாமல் பின்தங்கி, கேலிக்கும் ஆளாகியிருக்கிறாள். சில நாள் கழித்துப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோதுதான் வாய் திறந்தாள். "நெஞ்சுக்குள்ள என்னமோ அடைச்ச மாதிரி இருக்கும் பாட்டி. அப்படிச் செஞ்சா கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் வெக்கமா இருக்கும்."

மனநல மருத்துவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தப் பெண் மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் சாவதற்காக அதைச் செய்வதில்லை. தாங்க முடியாத கோபம், துக்கம், அவமானம் ஆகியவற்றைத் தாங்குவதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாக இருக்கிறது. சிலர் ஒன்றுமே உணராத மரத்துப்போன நிலையிலிருந்து மீள்வதற்காகச் செய்கிறார்கள். சிலர் தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறார்கள். வாயால் சொல்ல முடியாததை உடம்பால் சொல்கிறவர்களும் உண்டு. கிடைக்கிற நிம்மதியோ சற்று நேரம்தான். பின்னாலேயே வெட்கம் வருகிறது. வெட்கம் மறுபடி அதே வழிக்குத் தள்ளுகிறது.

"அலகு குத்தி, காவடி தூக்குறோமே, அதுவும் இதுதானா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. அது ஊரறிய, விரதமிருந்து, உற்றார் சூழச் செய்யும் நேர்த்திக்கடன். இது யாருக்கும் தெரியாமல், தனிமையில், வேதனையால் நடப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் அர்மாண்டோ ஃபவாஸா 1987இல் இதைப்பற்றி எழுதிய பெரிய நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது வரும் என்றும் எண்ணவேண்டாம். இங்கிலாந்து இளவரசி டயானா 1995 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சிப் பேட்டியில் தாமும் இப்படிச் செய்ததுண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். உள்ளே வலி மிகுந்துபோய், உதவி வேண்டும் என்பதற்காகவே வெளியே காயப்படுத்திக்கொண்டதாகவும், பிறரோ அதைக் கவனத்தை இழுக்கும் நாடகமாகப் பார்த்ததாகவும் அவர் பேச்சு அமைந்திருந்தது. அரண்மனையிலும் கேட்க ஆளில்லை. நம் லயத்திலும் ஆளில்லை.

மீண்டவர்கள் உண்டா? உண்டு. மார்ஷா லைன்ஹன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961இல், பதினேழு வயதில், ஹார்ட்ஃபோர்டு நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதே பழக்கத்தோடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தார். பிறகு படித்துப் பேராசிரியராகி, தம்மைப் போன்றவர்களுக்காகவே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதன் பலனைச் சோதித்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. இன்று பல நாடுகளில் அது கையாளப்படுகிறது. 2011இல் அதே மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று, கூடியிருந்தவர்கள் முன் முதன்முறையாகத் தம் கதையைச் சொன்னார். அவருடைய முறையின் சாரம் நம் பாட்டிமாருக்கும் விளங்கக்கூடியதுதான். "நீ படும் வேதனை மெய்தான்" என்று முதலில் ஒப்புக்கொள்வது. "ஆனால் வேறு வழி கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்" என்று கூடவே நின்று பழக்குவது. காயப்படுத்திக்கொள்ளும் வேகம் அலைபோல் ஏறி அலைபோல் இறங்கும். அது இறங்கும்வரை முகம் கழுவலாம், மெதுவாக மூச்சு விடலாம், எழுந்து நடக்கலாம், ஓர் ஆளிடம் போய் உட்காரலாம். இவையெல்லாம் பழகப் பழக வருகிறவை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1,800க்கும் மேற்பட்ட இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவர் பருவ வயதில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர். வாலிபம் முதிர்ந்தபோது அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை விட்டிருந்தார்கள். ஆனாலும், "தானா சரியாப் போயிடும்" என்று சும்மா இருந்துவிடக்கூடாது. இப்படிச் செய்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

ஆகவே வீட்டில் கண்டால், கத்தவேண்டாம், அடிக்கவே வேண்டாம். "இனிமே செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று தலையில் கைவைத்துக் கேட்பதும் வேண்டாம். சத்தியம் தவறினால் பிள்ளை இன்னும் ஆழமாக ஒளிக்கும். காயத்துக்கு முதலில் மருந்து போடுங்கள். பிறகு, "என்னாம்மா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய் மூடியிருங்கள். நமக்கு அதுதானே சிரமம்! "செத்துடலாம்னு தோணுதா?" என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆமாம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும்.

போலீஸ் வரும் என்று பயந்து காயத்தை மறைத்த குடும்பங்களை நாம் அறிவோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை என்று மிரட்டிவந்த தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டியதில்லை.

இன்னொரு பயம் தம்போய். ஜொகூர்க்காரர்களுக்கு அந்தப் பேரே ஏசுவதற்குத்தான் பயன்பட்டது. "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லாத வாய் உண்டா? அங்குள்ள பெர்மாய் மருத்துவமனை எல்லா ஆஸ்பத்திரியையும் போல ஓர் ஆஸ்பத்திரிதான். அங்கே போனவர்கள் குணமாகி வீடு திரும்பி வேலைக்கும் போகிறார்கள். தவிரவும், எடுத்த எடுப்பில் தம்போய்க்குப் போகவேண்டியதே இல்லை. பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, பிள்ளையின் மனக்கஷ்டத்தைச் சொன்னால் போதும். தேவையென்றால் அவரே கடிதம் கொடுத்து மேலே அனுப்புவார். 2022இல் சுகாதார அமைச்சு தொடங்கிய 15555 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். 1970இலிருந்து இயங்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களின் எண் 03-76272929. இரவு எந்நேரமும் எடுப்பார்கள்.

அந்தப் பெண் இப்போது கிளினிக் போய் வருகிறாள். தாய்க்காரி ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டாள். தகப்பனைப் பற்றி நாம் கேட்கவில்லை. நடுவில் ஒரு நாள் பழைய வழிக்குப் போய்விட்டதாம். இம்முறை அவளே வந்து சொல்லியிருக்கிறாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க பாட்டி?" என்று கேட்டோம்.

"என்னாய்யா செய்யறது? மருந்து போட்டேன். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கலக்குனேன். அவ பேசப் பேச அப்படியே உக்காந்திருந்தோம், மணி பத்து வரைக்கும்."