வேளாண் துறை ஜாமீன் நிற்கும் வீடு

அமெரிக்காவில் முன்பணம் கட்டாமல், அரசின் துணையோடு வீடு வாங்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கானது. மற்றது கிராமப்புறத்தில் குடியிருக்கச் சம்மதிப்பவர்களுக்கு. இந்த இரண்டாவதை நடத்துவது வேளாண் துறை. 1949-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம், விவசாயிகள் பண்ணையில் வீடு கட்டக் கடன் கொடுக்கும் அதிகாரத்தை அந்தத் துறைக்குத் தந்தது. 1961-இல் விவசாயம் செய்யாத கிராமத்தாருக்கும் அந்தக் கடன் திறந்துவிடப்பட்டது. இப்போது நிலைமை தலைகீழ். வருமானம் தரும் பண்ணையை இந்தக் கடனில் வாங்க முடியாது. குடியிருக்க ஒரு வீடு, அவ்வளவுதான். வாடகைக்கு விடவும் கூடாது.

இதில் இரண்டு வகை இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் துறையே நேராகக் கொடுப்பது முதல் வகை. 33 ஆண்டுத் தவணை. மிகக் குறைந்த வருமானம் என்றால் 38 ஆண்டுகள்கூடக் கிடைக்கும். மானியம் சேர்ந்தால் வட்டிச்சுமை 1 சதவீதம்வரை இறங்கும். ஆனால் பின்னாளில் வீட்டை லாபத்துக்கு விற்றால் அந்த மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள்.

பெரும்பாலோர் பேசுவது இரண்டாவது வகையைத்தான். கடன் கொடுப்பது வங்கி. ஜாமீன் நிற்பது வேளாண் துறை. வீட்டு மதிப்பு முழுவதற்கும் கடன் கிடைக்கும். 30 ஆண்டுகள், மாறாத வட்டி. கட்டணமாகத் தொடக்கத்தில் 1 சதவீதமும், பிறகு ஆண்டுதோறும் நிலுவையில் 0.35 சதவீதமும் உண்டு. 2,00,000 டாலர் கடனென்றால் ஆரம்பத்தில் சுமார் 2,000 டாலர் (அதையும் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம்), முதல் ஆண்டில் மாதத்துக்குச் சுமார் 58 டாலர்.

'அரசு ஜாமீன்' என்றதும் நமக்கு ஏதோ பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அந்தப் பாதுகாப்பு வங்கிக்கு. தவணை கட்ட முடியாமல் வீடு ஏலத்துக்குப் போனால், வங்கிக்கு வந்த நட்டத்தை ஒரு வரம்புக்குள் துறை ஈடுகட்டும். அப்படி ஈடுகட்டியதைக் கடன் வாங்கியவரிடம் அரசுக் கடனாக வசூலிக்கவும் துறைக்கு வழியுண்டு. வருமான வரியில் திரும்பி வரவேண்டிய தொகையையே பிடித்துக்கொள்ளலாம். கையெழுத்திடும் தாள்களுக்குள் இதற்கு ஒப்புக்கொள்ளும் வரியும் இருக்கும். நம் ஊரில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமா சும்மா விடுவாரா என்ன?

தகுதி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: இடம், வருமானம். 10,000-க்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர் என்பது அடிப்படை அளவு. சில நிபந்தனைகளோடு 20,000, பழைய சலுகை தொடரும் ஊர்களில் 35,000 வரை போகும். இதனால், நாட்டுப்புறம் என்று கண்ணுக்குப் படாத புறநகர்த் தெருக்கள்கூடத் துறையின் வரைபடத்துக்குள் வந்துவிடுவதுண்டு. முகவர் வாய்வார்த்தையை நம்பாமல், குறிப்பிட்ட வீட்டு முகவரியை அந்த வரைபடத்தில் போட்டுப் பார்ப்பதே சரி.

ஜாமீன் கடனுக்கு வருமானம், அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கூட்டுக்குடும்பமாக வாழ்பவர்கள் சறுக்குவது இங்கேதான். கடனில் கையெழுத்துப் போடாவிட்டாலும், அந்த வீட்டில் வசிக்கப்போகும் வயதுவந்தோர் எல்லோருடைய வருமானமும் கணக்கில் சேரும். கூடவே இருக்கும் அப்பாவின் ஓய்வூதியமும் அதில் அடக்கம். எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கடன் கிடையாது. கிரீன் கார்டு வந்தபின் கேட்கலாம்.

வங்கி போடும் கணக்கில் வராத செலவுகள் வீட்டுக்குப் போனபின் வரும். நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள வீடுகள் பலவற்றில் சொந்த ஆழ்துளைக் கிணறு, சொந்த செப்டிக் டேங்க். கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்த பிறகே இந்தக் கடன் கிடைக்கும். ஆனால் குடிபோன பிறகு சோதிக்கச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். அமெரிக்கக் குடிநீர்ச் சட்டம் தனியார் கிணறுகளைத் தொடுவதில்லை. ஆண்டுக்கொருமுறை சோதிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. செப்டிக் டேங்கை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்யவேண்டும். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. புயல் காலத்தில் இது விளையாட்டல்ல. அதனால்தான் கிராமத்து வீடுகளில் ஜெனரேட்டர் சாதாரணப் பொருளாகிவிட்டது.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்கும். பல கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) தீயணைப்பவர்கள் ஊர்க்காரத் தன்னார்வலர்களே. தூரம் கூடினால் பிரீமியமும் கூடும். வீட்டுக்குப் போகும் பாதை கவுன்ட்டியுடையதா, தனியாருடையதா என்பதையும் வாங்குமுன் கேட்டுவிடவேண்டும். தனியார் பாதையென்றால் பனி அள்ளுவதும், சரளை கொட்டுவதும் அக்கம்பக்கத்தார் பாடு.

முழுக் கடனில் வாங்கிய வீட்டில் முதல் சில ஆண்டுகள் நமக்கென்று பங்கு பெரிதாகச் சேர்ந்திருக்காது. இரண்டு வருடத்தில் வேலை மாறி விற்க நேர்ந்தால், முகவர் தரகும் பதிவுச் செலவும் போக, கையிலிருந்து போட்டுக் கடனை அடைக்க வேண்டியிருக்கலாம். அந்தக் கவுன்ட்டியில் ஏழெட்டு வருடமாவது இருப்போம் என்று தோன்றாதவர்கள் வாடகைக்கே இருந்துகொள்ளலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று: அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிதி மசோதா நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடப்படும் காலங்களில் புதிய ஜாமீன் ஒப்புதல்கள் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு விலைபேசுபவர், பதிவுத் தேதியைத் தள்ளிவைக்க விற்பவர் சம்மதிப்பார் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.