மின்னூட்டிக்குள் ஒரு சிறு பாலம்

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் கைப்பேசியின் உலோக விளிம்பை விரல் நுனியால் வருடும்போது மெல்லிய கூச்சம் ஒன்றை உங்களில் பலர் உணர்ந்திருப்பீர்கள். நலமாக உள்ள ஒருவருக்கு, தரமான சார்ஜராக இருப்பின், அதனால் தீங்கில்லை. ஆனால் தீவிர சிகிச்சையில் இருக்கும் நோயாளியின் நிலை வேறு. படுக்கையருகே சார்ஜரைப் பொருத்த வேண்டாம் என்று செவிலியர் கூறுவதன் காரணமும் இதுவே.

சார்ஜரின் ஒரு பகுதி 230 வோல்ட் மின்சாரத்தோடு இணைந்தது. மறுபகுதி நம் கைக்கு எட்டும் குறைந்த மின்னழுத்தப் பகுதி. இரண்டையும் மின்காப்பு பிரிக்கிறது. ஆயினும் சார்ஜர் எழுப்பும் மின்னிரைச்சல் பிற கருவிகளைக் குழப்பாதிருக்க, அக்காப்பின் இருபுறத்தையும் இணைத்து ஒரு சிறு மின்தேக்கி வைக்கப்படுகிறது. 'ஒய்' வகை என அழைக்கப்படும் இந்தப் பாலத்தின் வழியே வீட்டு மின்சாரமும் சிறிது கசிகிறது. கூச்சம் அதனால் எழுவதே.

இந்தப் பாலம் பழுதாகி இருபுறமும் நேரடியாக இணைந்துவிட்டால், உயர் மின்னழுத்தம் கைப்பேசி வரை வந்துவிடும். எனவேதான் ஐ.இ.சி. 60384-14 என்னும் பன்னாட்டுத் தரநிலை இதற்குக் கடும் சோதனைகளை விதிக்கிறது. ஒய்2 பிரிவு 5,000 வோல்ட் மின்துடிப்பையும், ஒய்1 பிரிவு 8,000 வோல்ட் மின்துடிப்பையும் தாங்க வேண்டும். தரச்சான்று இல்லாத மலிவான சார்ஜரில் இதற்குப் பதிலாகச் சாதாரண மின்தேக்கி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டறிய இயலாது.

தரமான சார்ஜரிலும் கசிவு முற்றிலும் இல்லாமல் போவதில்லை. 2.2 நானோஃபாரட் மின்தேக்கியின் குறுக்கே 230 வோல்ட் முழுவதும் அமைந்தால், ஏறத்தாழ 160 மைக்ரோஆம்பியர் பாயும். பொதுவாக நம் உடல் மின்சாரத்தை உணர்வதற்கு 500 முதல் 1,000 மைக்ரோஆம்பியர் வரை தேவை. உலர்ந்த தோல் நமக்கு ஒரு கவசமாக நிற்கிறது.

இதயத்திற்குள் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி செலுத்தப்பட்டவருக்கு அந்தக் கவசம் இல்லை. கம்பியின் வெளிமுனையிலிருந்து மின்சாரம் நேரே இதயத்தசையை அடையும். ஆகவே, இதயத்தை நேரடியாகத் தொடும் மருத்துவக் கருவிகளில் இயல்பு நிலையில் நோயாளியினூடே பாயும் கசிவு 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக்கூடாது என ஐ.இ.சி. 60601-1 தரநிலை வரையறுக்கிறது. அத்தகைய கருவிகளில் சதுரத்துக்குள் இதய வடிவம் பொறிக்கப்பட்டிருக்கும். கைப்பேசி சார்ஜர் இந்த வரம்புக்காக உருவாக்கப்பட்டதன்று. வீட்டில் உயிர்காக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இங்கு உதவாது. அதன் அளவு இவ்வரம்பைப்போல் 3,000 மடங்கு.

தோலுக்கடியில் முழுமையாகப் பொருத்தப்பட்ட நிரந்தர பேஸ்மேக்கர் உடையோர் இதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுக்கு வெளியே நீளும் கம்பி எதுவும் இல்லை.

உடனிருப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. கைப்பேசியைப் படுக்கையிலிருந்து தள்ளி, பணியாளர் காட்டும் இடத்தில் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது அதை நோயாளியின் கையில் கொடுக்காதீர்கள். ஒரு கையில் அதைப் பிடித்தபடி மறு கையால் கம்பிகளையோ குழாய்களையோ தொடாதீர்கள். நோயாளியின் கருவிகள் இணைந்துள்ள நீட்டிப்புப் பெட்டியில் வேறெதையும் செருகாதீர்கள்.

வீட்டிலும் கவனம் தேவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள சார்ஜரையே வாங்குங்கள். மூன்று முனை பிளக் கொண்ட மருத்துவக் கருவியின் தடித்த முனையை ஒருபோதும் நீக்காதீர்கள். கசியும் மின்சாரம் தரைக்குச் செல்லும் வழி அதுதான். அக்கருவியின் உலோகப் பரப்பைத் தொடும்போது கூச்சம் தோன்றினால், தரை இணைப்பு அறுந்திருக்கக் கூடும். ஆக்சிஜன் போன்ற இன்றியமையாத சிகிச்சை தடைபடாதவாறு மாற்று ஏற்பாட்டைச் செய்துகொண்டு, கருவியை நிறுத்திச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எந்த இடத்தில் எதைச் செருகலாம் என்பதில் ஐயம் எழுந்தால், செருகுவதற்கு முன் செவிலியரிடம் கேளுங்கள்.