பேசிய கூலியும் பேசாத சுமையும்

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் பயணத்தைப் பற்றி மார்க்கத்தில் என்ன இருக்கிறது என்று சில சகோதரிகள் நினைக்கலாம். உம்றாவுக்குப் போகும்போது துஆக்களை மனனம் செய்கிறோம், இஹ்ராமின் சட்டங்களைக் கேட்டுப் படிக்கிறோம். ஆனால் திரும்பி வந்து கட்டுநாயக்கவில் இறங்கி, வேனில் ஏறி, கண்டிக்கு வந்து சேரும் அந்த நூறு கிலோமீட்டர் அளவான தூரத்தில் ஓர் அடியானின் ஹக்கைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். இதை ஊராருக்குச் சொல்லும் முன் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினாள். கண்டியில் ஒரு வேனை ஹயருக்குப் பேசினேன். சாரதி ஒரு சிங்களச் சகோதரர், இளைஞர். “கட்டுநாயக்க போய்க் கண்டிக்கு வர வேண்டும்” என்றேன். அவர் ஒரு தொகை சொன்னார், நான் சம்மதித்தேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எங்கள் வீடு கண்டியில் அல்ல, கட்டுகஸ்தோட்டையையும் தாண்டி அக்குறணைப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று அவரும் கேட்கவில்லை.

விமானம் மூன்று மணித்தியாலம் தாமதித்தது. தங்கை நான்கு பெரிய பெட்டிகளோடு வந்தாள். நிட்டம்புவ, வரக்காபொல, கேகாலை கடந்து மாவனல்லைக்கு வந்ததும், “சாச்சியைப் பார்த்துவிட்டுப் போவோம்” என்று உள்வீதியில் திருப்பினோம். அங்கே ஒரு மணித்தியாலம். பிறகு கடுகண்ணாவை ஏற்றம், பேராதனை, கண்டி, அதற்கு மேல் எங்கள் ஊர். வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, “இன்னும் கொஞ்சம் தாருங்கள்” என்றது.

கூடியிருந்த உறவினர்களில் ஒருவர், “பேசினது பேசினதுதான், ஆளைப் பார்த்து ஏமாற்றப் பார்க்கிறாயா?” என்று சத்தம் போட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவர் பேசிய தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் பெட்டியைத் திறக்கும் அவசரத்தில் இருந்தபோது என் உம்மாதான் கேட்டார்: “மகன், அந்தப் புள்ளக்கி ஒரு தேத்தண்ணி சரி குடுத்தீங்களா?”

கொடுக்கவில்லை.

கிதாபு என்னைப் பார்த்தது

மறுநாள் மத்ரஸாவில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ‘இஜாரா’, அதாவது வாடகையும் கூலியும் பற்றிய பாடம். பிராணியை வாடகைக்குப் பிடித்தவர் பேசிய சுமையைவிட அதிகம் ஏற்றினால், அந்த மேலதிகச் சுமைக்கு வழமையான கூலியைத் தனியே கொடுக்க வேண்டும். பேசிய இடத்தைத் தாண்டிப் போனாலும் அப்படியே. அன்று ஒட்டகம், கழுதை. இன்று வேன். சட்டம் மாறவில்லை. பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. பேச்சை மீறியவர் அவரல்ல, நாங்கள்.

மூன்று நாள் தேடி அவரைக் கண்டுபிடித்தேன். தூரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் உரியதைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டார். “காசு பெரிதில்லை மௌலவி, அத்தனை பேருக்கு முன்னால் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்னதுதான் தாங்க முடியவில்லை” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்ததாக புகாரியில் ஹதீஸ் உண்டு. அந்தக் கூலியாள் முஸ்லிமா இல்லையா என்ற கேள்வியே அங்கு இல்லை.

நாம் வாழும் ஊரையும் நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் தொடங்கி நமது பள்ளிகளும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அதற்கு முன் வீதியில் நடந்த தகராறொன்றில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி உயிரிழந்திருந்தார். அந்த அநியாயத்துக்கு இது ஒருபோதும் நியாயமாகாது. ஆனால் ஒரு சாரதி நம் வாசலிலிருந்து என்ன மனதோடு திரும்பிப் போகிறார் என்பது அவரோடு முடிகிற விஷயமல்ல என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஏறுமுன் பேசுங்கள்

வண்டி பேசுவது ஆண்களின் வேலை என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே. எத்தனை பெட்டி வருகிறது, வழியில் யார் வீட்டுக்குப் போக ஆசை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். வீட்டின் சரியான இடம், ஆட்கள், பெட்டிகள், வழியில் நிற்கும் இடங்கள், காத்திருக்கும் நேரத்துக்குரிய கூலி, இவை ஐந்தையும் முன்கூட்டியே சொல்லச் செய்யுங்கள். விமான நிலைய டாக்ஸிக் கருமபீடத்தில் எடுத்தாலும், தொலைபேசிச் செயலியில் அழைத்தாலும், தெரிந்த வேனைப் பிடித்தாலும் இதுவே முறை. “பார்த்துத் தருவோம்” என்ற வார்த்தை வேண்டாம். கூலி பேசாமல் ஏறிவிட்டால் அந்தத் தூரத்துக்கு ஊரில் வழமையாக வாங்கும் கூலி கடமையாகும்.

2025 நவம்பரில் கடுகண்ணாவைப் பகுதியில் மண்சரிவு ஏற்பட்டுக் கண்டி வீதி மூடப்பட்டது போன்ற வேளைகளில் சுற்றுவழியால் வர நேரிடும். அதையும் அந்த இடத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சுபஹை அண்டி வந்திறங்குபவர்கள் தொழுகைக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இரவில் தனியே ஒரு பெண் அந்நிய ஆணோடு நெடுந்தூரம் வராமல், அழைத்துவர மஹ்ரமான ஒருவர் போவதே பேணுதலானது.

வந்து சேர்ந்ததும், பெட்டியைத் திறக்குமுன் கூலியைக் கொடுங்கள். இரவெல்லாம் கண் விழித்து உங்களைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு ஒரு தேத்தண்ணியும் கொடுங்கள். என் உம்மா கேட்ட கேள்வியை எந்த வீட்டிலும் யாரும் கேட்க வேண்டி வராதிருக்கட்டும்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மைத் தன் சந்நிதியில் நிறுத்தாமல் அல்லாஹ் காப்பானாக, ஆமீன்.