உஷார்! 'நெட் இல்லாத' கேமராவிலிருந்து ரூட்டருக்கு ஒரு வயர் போகிறதா?

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பக்கம் "எங்க வீட்டுக் கேமராவுக்கு நெட்டே கிடையாது, எல்லாம் ஹார்ட் டிஸ்க்லதான் பதிவாகுது" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கேமரா வயர்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச். அதில் செருகியிருக்கும் ஒவ்வொரு வயரையும் கையால் பிடித்துக்கொண்டே மறுமுனை வரை போய்ப் பாருங்கள். ஒன்று கேமராவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பதிவு செய்யும் என்விஆருக்குப் போக வேண்டும். ஒரே ஒரு வயர் வைஃபை ரூட்டருக்குப் போனாலும் உங்கள் வாசலும் முற்றமும் நெட்டுக்குப் போக வழி திறந்துவிட்டது.

அந்த வயர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் போடப்படுவதில்லை. அவசரத்தில் போடப்படுகிறது. சாதாரண ஸ்விட்ச் கேமராக்களையும் என்விஆரையும் இணைக்குமே தவிர, அவற்றுக்கு ஐ.பி. முகவரி கொடுக்காது. முகவரி கொடுப்பது ரூட்டரின் வேலை. ரூட்டர் இல்லாமல் மாட்டினால் என்விஆர் திரையில் பல நேரம் ஒரு கேமராவும் தெரியாது. மாட்ட வந்த தம்பிக்கு அன்று இன்னும் இரண்டு வீடு பாக்கி. ரூட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து ஸ்விட்சில் செருகுகிறார். எல்லாக் கேமராவும் முகவரி வாங்கிக்கொண்டு திரையில் வந்து நிற்கின்றன. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், காசை வாங்கிக்கொண்டு தம்பி கிளம்பிவிடுகிறார். வயர் அங்கேயே கிடக்கிறது. என்விஆருக்குள் பி2பி, யுபிஎன்பி என்ற இரண்டு வசதிகள் திறந்தே இருந்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் அது வெளியே கம்பெனி சர்வரோடு பேசத் தொடங்கிவிடும்.

பேசினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், பெண்களுக்குப் பரிசோதனை நடக்கும் காட்சிகள், டெலிகிராம் வழியாக விலைக்கு விற்கப்பட்டன. உள்ளே நுழைவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. 'அட்மின்123' மாதிரி யாரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள். 2016-ல் உலகத்தையே ஆட்டிவைத்த மிராய் வைரஸும் இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளைத் தேடித்தான் வீட்டுக் கேமராக்களுக்குள் புகுந்தது. 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் விற்கலாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அதற்கு முன்பே சுவரில் ஏறிவிட்ட கேமராவை அது காப்பாற்றாது.

சரியான முறை ஒன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் கையாலேயே முகவரி கொடுக்கச் சொல்லுங்கள். என்விஆருக்கு 192.168.50.10 என்றால் கேமராக்களுக்கு 11, 12, 13 என்று வரிசையாக. கேட்வே, டிஎன்எஸ் என்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விடச் சொல்லுங்கள். பி2பி, யுபிஎன்பி இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். எல்லாக் கருவிக்கும் பாஸ்வேர்டை நீங்களே மாற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்விட்ச் கேமராவுக்கு மட்டும்தான். வீட்டுக் கம்ப்யூட்டரும் டிவியும் அதில் வரக்கூடாது. "நம்பர் சீரிஸ் வேற வேற சார், அதனால ஒரே ஸ்விட்ச்ல போட்டாலும் பிரச்சினை இல்ல" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்பரை மாற்ற ஒரு நிமிஷம் போதும். வாசல் கேமராவைக் கழற்றி அதே வயரில் லேப்டாப்பைச் செருகும் ஆளுக்கு அது தடையே இல்லை.

துபாயில் இருக்கும் மகன் போனில் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு ஏற்பாடு, வேறு பாதுகாப்பு. இரண்டையும் கலக்காதீர்கள்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2019 ஆகஸ்ட்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், அரிவாளோடு வந்த முகமூடித் திருடர்களை ஒரு முதிய தம்பதி செருப்பாலும் பிளாஸ்டிக் நாற்காலியாலும் அடித்து விரட்டினார்களே, அதை உலகமே பார்த்தது அந்த வீட்டுக் கேமராவால்தான். அந்தச் சுதந்திர தினத்திலேயே அவர்களுக்கு வீரத்துக்கான அரசு விருதும் கிடைத்தது. இதே மாதிரி ஒரு பதிவு நாளை உங்களுக்குத் தேவைப்படும்போது கைகொடுக்குமா என்பதுதான் என் பயம்.

ஏனென்றால் நெட் இல்லாத கேமராவுக்குக் கடிகாரம் ஒரு பெரிய பலவீனம். சரியான மணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு வழி இல்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதியே பழைய வருஷத்துக்குப் போய்விடும். திருட்டு நடந்தது இரவு 9 மணிக்கு, பதிவில் 11.40 என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பு, அதாவது பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு, குறித்த சான்றிதழும் தர வேண்டும். மணியே தப்பாக இருக்கும் பதிவுக்கு அங்கே ஆயிரம் கேள்வி வரும். கேமராக்கள் எல்லாம் என்விஆரைப் பார்த்து மணி வைத்துக்கொள்ளும்படி அமைத்து, மாதம் ஒருமுறை என்விஆரின் மணியை உங்கள் போனோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் போனுக்குத் தகவல் வராது. சென்னையிலோ வெளிநாட்டிலோ பிள்ளைகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருபவர்கள் இதைக் கவனியுங்கள். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவு பகலாகப் பதிந்தால் நாளொன்றுக்கு 86 ஜி.பி. ஆகும். 1 டி.பி. டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். திருட வருகிறவர்கள் போகும்போது பதிவுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். பரணிலோ காற்றுப் போகும் அலமாரியிலோ பூட்டி வையுங்கள்.

இனி வயர். விலை குறைவு என்று தலையில் கட்டப்படும் கேபிளின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். கேமராக்களை இணைக்கும் அந்த ஸ்விட்ச் தகவல் போகும் வயரிலேயே கரண்டையும் அனுப்புகிறது. 2003-ல் வந்த முதல் தரநிலைப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. அலுமினிய வயர் நீளமாகப் போனால் வோல்டேஜ் இறங்கும். பகல் முழுக்க ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்தவுடன் கரண்ட் பற்றாமல் அணைந்து அணைந்து எரியும். திருடன் வருகிற நேரத்தில் படம் இருக்காது. ஸ்விட்சின் மொத்த வாட் அளவையும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். 8 போர்ட்டுக்குச் சேர்த்து 60 வாட் என்றால் ஒன்றுக்கு ஏழரைதான். தரநிலை எதுவும் குறிப்பிடாத மலிவுச் சரக்கு, கருவி தாங்குமா என்று கேட்காமலேயே கரண்டை அனுப்பிவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சாரல் சீசனில் கேமரா இணைப்புகளுக்குள் ஈரம் இறங்கும், சரி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கமிருந்து வரும் இடி மின்னல் வேறு ரகம். தோப்பு கேட்டில் இருக்கும் கேமராவுக்கு 80 மீட்டர் செம்பு வயர் திறந்தவெளியில் இழுத்திருந்தால், மின்னல் பக்கத்தில் விழுந்தாலே போதும். அந்த வயர் வழியாக வரும் அதிர்ச்சி ஸ்விட்சுக்குள் நுழைந்து, மற்ற கேமராக்களையும் என்விஆரையும் சேர்த்து எரித்துவிடும். அவ்வளவு தூரத்துக்கு ஃபைபர் கேபிள் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. முடியாவிட்டால் சர்ஜ் புரொடெக்டர் வைத்து முறையாக எர்த் கொடுங்கள். எர்த் இல்லாமல் அதை மாட்டுவது வீண் செலவு.

சீசனுக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு குடும்பம் குடும்பமாக உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வாசலையும் கார் நிறுத்தும் இடத்தையும் தவிர வேறெங்கும் கேமரா வேண்டாம், துணி காயப்போடும் மாடியில்கூட. ஒருவரின் அந்தரங்கத்தைச் சம்மதம் இல்லாமல் படம் பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேமரா இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். ஆட்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் ஸ்விட்ச் பக்கம் போய் அதன் வயர்களை இன்னொரு முறை கையால் தடவிப் பாருங்கள்.