சிரசாசனமும் விழியழுத்தமும்

யோகாப்பியாசத்தின் பயன்களைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவை ஏராளம். அதனால் நேரக்கூடிய தீங்குகளைப் பற்றி எழுதப்பட்டவையோ மிகச் சில. ஆசனங்கள் இரத்த ஓட்டத்தையும் நரம்புகளையும் மூட்டுகளையும் அன்றாட வழக்கத்திற்கு மாறான நிலைகளுக்கு உட்படுத்துகின்றன. பயன் விளைவதும் தீங்கு நேர்வதும் இம்மாறுதல்கள் வாயிலாகவே. இவற்றைக் கருவிகளால் அளந்தறிய முற்பட்டோருள் முன்னோடி, 1924ஆம் ஆண்டில் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் ஆவார்.

ஆசனங்களுக்கு அரசன் எனப் போற்றப்படும் சிரசாசனத்தை எடுத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும்போது தலையிலுள்ள இரத்தம் புவியீர்ப்பின் உதவியால் எளிதில் இதயத்தை நோக்கி இறங்குகிறது. தலைகீழாக நிற்கும்போது அதே ஈர்ப்பு இரத்தத்தைத் தலையிலேயே தேக்க முற்படுகிறது. சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. இதன் விளைவு கண்ணில் தெளிவாகப் புலப்படும். விழியினுள் ஓயாது சுரக்கும் நீர், நுண்ணிய வழிகளின் மூலம் சிரைகளில் கலந்து வெளியேறுகிறது. சிரைகளின் அழுத்தம் மிகுந்தால் அந்நீர் வடிவது தடைப்படும்; விழியழுத்தம் உயரும். பொதுவாக இவ்வழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும்.

சென்னை சங்கர நேத்ராலய ஆராய்ச்சியாளர்கள், சிரசாசனம் பயின்று வந்த 75 பேரைச் சோதித்து 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஆசனத்தில் நிற்கும்போது விழியழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஆசனத்தைக் கலைத்ததும் அது பழைய நிலைக்குத் திரும்பிற்று. நெடுநாட் பயிற்சியுடைய இவர்களிடையே மிகையான விழியழுத்தம் பிறரைக் காட்டிலும் பரவலாகக் காணப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே நலமான கண்ணுடையோர் அஞ்சத் தேவையில்லை. ஆனால் கிளாக்கோமா நோயினரின் நிலை வேறு. அவர்களது பார்வை நரம்பு ஏற்கெனவே நலிந்திருப்பதால், சிறிது நேர அழுத்தமும் அவர்களுக்கு உகந்ததன்று. இந்நோய் பெரும்பாலும் தொடக்கத்தில் வலியின்றி வளர்வது. நோயிருப்பதை அறியாமலே ஒருவர் நாள்தோறும் தலைகீழாக நிற்கக்கூடும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் சிரசாசனத்தைத் தொடங்குமுன் கண்ணைச் சோதித்துக்கொள்வது மிகையாகாது.

சிரசாசனத்தை விலக்கினால் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. 2015ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்த சோதனையில், தலை தாழ்ந்திருக்கும் நான்கு நிலைகள் ஆராயப்பட்டன. கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்திலேயே விழியழுத்தம் மிகுதியாக உயர்ந்தது. சுவரில் கால்களைச் சார்த்திப் படுத்திருந்த நிலையில் ஏற்றம் மிகக் குறைவு.

கழுத்தைப் பற்றியும் ஒரு சொல். சிரசாசனத்தில் உடலின் பாரத்தைப் பெரும்பாலும் முன்கைகளும் தோள்களும் தாங்க வேண்டும். தலை தரையைத் தொட்டிருந்தால் போதும். பழகாதவர் செய்யும்போது இது நேர்மாறாகிவிடுகிறது. கழுத்தெலும்புத் தேய்மானமுடையோர் இதனைத் தவிர்ப்பதே நலம். கழுத்தை மிகையாக வளைப்பதனால் மூளைக்குச் செல்லும் தமனிகளுக்கு ஊறு நேரலாம் என்று ரிச்சி ரஸ்ஸல் என்னும் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் 1972ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார்.

இனி மூச்சு. யோகிகள் இதயத்தையே நிறுத்தவல்லவர் என்னும் கூற்றினை வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் முடிவு கூறினர். நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படாமற் போனபோதும் இதயம் மின்பதிவில் துடித்துக்கொண்டேயிருந்தது. மூச்சையடக்கி மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கியதனால், இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து நாடி நலிந்ததே உண்மை. வியப்பு குறைந்தாலும், பயில்வோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வலிந்து மூச்சடக்கும்போது இரத்த அழுத்தம் முதலில் தாழ்ந்து, மூச்சை விட்டதும் திடீரென மேலேறலாம். இரத்த அழுத்த நோயினரும் இதய நோயினரும் கும்பகத்தை மேற்கொள்ளலாகாது என்பதன் காரணம் இதுவே. பஸ்திரிகை போன்ற விரைவு மூச்சுகளை அளவின்றிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றலும் விரல்நுனியில் மரமரப்பும் உண்டாகும். வலிப்பு நோயினருக்கு இவை ஆகா.

மன அமைதியை நாடுவோருக்கு இத்தகைய வலுவந்தம் தேவையுமில்லை. மந்திரம் ஓதுவதும் கத்தோலிக்கரின் செபமாலை சொல்லுவதும் மூச்சை நிமிடத்திற்கு ஆறு முறையளவாக மெலிவித்து, இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலைக் கூர்மையாக்குகின்றன என 2001ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். இவ்வாறு மெல்ல மூச்சுவிடுதலை நாற்காலியில் அமர்ந்தபடி முதியோரும் செய்யலாம்.

எளிதெனக் கருதப்படும் வச்சிராசனமும் நெடுநேரம் நீடித்தால் முழங்காலருகே செல்லும் நரம்பினை அழுத்தும். இதனால் பாதத்தைத் தூக்க இயலாமற் போனமை 1971ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் பதிவாயிற்று. கால் மரத்ததும் ஆசனத்தைக் கலைத்து நீட்டிக்கொள்ள வேண்டும். உணர்வு திரும்பும்வரை எழுந்து நடக்கலாகாது.