பிளாஸ்மிட் இரட்டிப்பில் ஓம்புயிர்ப் புரதங்களின் பங்கு: சென்னை என்.டி.எம்-1 ஆய்வை முன்வைத்து

சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயனை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று 2010இல் 'லேன்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழில் வெளிவந்தது. கார்பபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்-1 நொதியைக் கொண்ட பாக்டீரிய மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என அதில் பதிவாயின. நொதிக்குப் புதுதில்லியின் பெயரிட்டது குறித்த சர்ச்சையே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. கட்டுரையின் நுட்பமான செய்தி வேறு. பெரும்பாலான மாதிரிகளில் இம்மரபணு பிளாஸ்மிட்டில் அமைந்திருந்தது. சென்னை, பிரிட்டன் மாதிரிகளின் பிளாஸ்மிட்டுகள் இணைவின்வழிப் பிற பாக்டீரியாக்களுக்கு எளிதில் கடந்தன. ஹரியானா மாதிரிகளில் அவ்வாறு கடக்கவில்லை.

கடத்தல் பாதிச் செய்தியே. புகுந்த பிளாஸ்மிட் புதிய செல்லில் இரட்டிப்படையாவிடின் சில தலைமுறைகளில் மறைந்துவிடும். 'தன்னிச்சையாக இரட்டிப்படையும் டி.என்.ஏ.' என்னும் பாடநூல் வரையறை, இவ்விரட்டிப்பில் ஓம்புயிர்ப் புரதங்களுக்குள்ள பங்கை மறைத்துவிடுகிறது.

ஈ. கோலையில் வாழும் கோல்-ஈ1 பிளாஸ்மிட் இதற்குத் தெளிவான சான்று. அது தொடக்கப் புரதம் எதனையும் உருவாக்குவதில்லை. ஓம்புயிரின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 'ஆர்.என்.ஏ. 2' என்னும் இழையைப் படியெடுக்கிறது, ஆர்.என்.ஏஸ்-எச் அதனை உரிய இடத்தில் வெட்டுகிறது, வெட்டுமுனையிலிருந்து டி.என்.ஏ. பாலிமரேஸ்-1 புதிய இழையைத் தொடங்குகிறது. பாலிமரேஸ்-1 குறைபாடுடைய செல்லில் இப்பிளாஸ்மிட் நிலைப்பதில்லை என்பது 1970இலேயே காட்டப்பட்டது. குடிவந்தவர் வீட்டுக்காரரின் அடுப்பிலேயே சமைக்கும் நிலை இது.

நகல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் 'ஆர்.என்.ஏ. 1' பிளாஸ்மிட்டின் மரபணுவிலிருந்து தோன்றுவதே. எனினும் அதன் ஆயுளை ஓம்புயிரே அளக்கிறது. ஆர்.என்.ஏஸ்-ஈ அதனை வெட்ட, பி.சி.என்.பி. என்னும் நொதி அதன் முனையில் அடினின் வாலை இணைக்க, அது விரைந்து சிதைகிறது. பி.சி.என்.பி. இழந்த செல்லில் ஆர்.என்.ஏ. 1 நீடிப்பதால் பிளாஸ்மிட்டின் எண்ணிக்கை சரிகிறது. குளோராம்பெனிகால் புரத உருவாக்கத்தைத் தடுக்கும்போது குரோமோசோமின் இரட்டிப்பு நின்றுவிடும். முன்பே உருவான நொதிகளைக் கொண்டு கோல்-ஈ1 மட்டும் ஒரு செல்லுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட நகல்களாகப் பெருகும்.

பி1 பிளாஸ்மிட்டுக்கு ரெப்-ஏ என்னும் சொந்தத் தொடக்கப் புரதம் உண்டு. ஆயினும் அப்புரதம் இரண்டிரண்டாக இணைந்து செயலற்றுக் கிடக்கிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களான டி.என்.ஏ.-ஜே, டி.என்.ஏ.-கே ஆகியன அவ்விணையைப் பிரித்த பின்னரே அது தொடக்கப் பகுதியில் உறுதியாகப் பற்றுகிறது என்பதை 1991இல் சூ விக்னர் குழுவினர் காட்டினர். அப்போதும் ஓம்புயிரின் டி.என்.ஏ.-ஏ புரதமின்றி இரட்டிப்பு தொடங்காது.

பல ஓம்புயிர்களில் வாழும் ஆர்.கே.2 பிளாஸ்மிட் செல்லுக்கேற்ப வழியை மாற்றிக்கொள்கிறது. அதன் டி.ஆர்.எஃப்.-ஏ புரதம் சிறியதும் பெரியதுமாக இரு வடிவங்களில் உருவாகிறது. ஈ. கோலையில் இழைபிரிக்கும் டி.என்.ஏ.-பி நொதியைக் கொணர டி.என்.ஏ.-ஏ புரதம் தேவை. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் பெரிய வடிவம் அந்நொதியைத் தானே வரவழைக்க வல்லது. ஆர்.எஸ்.எஃப்.1010 தொடக்கப் புரதத்தோடு இழைபிரிக்கும் நொதியையும் முன்தொடர் அமைக்கும் நொதியையும் தன்னுடனேயே கொண்டு செல்கிறது. பரந்த ஓம்புயிர் எல்லை என்பது பெரும்பாலும் இத்தகைய ஏற்பாடுகளின் விளைவே.

சென்னை மாதிரிகள் ஒரே குலவழியின அல்ல. மரபணு நிலையில் பலவகைப்பட்டவை. கிளெப்சியெல்லா நிமோனியே, ஈ. கோலை போன்ற நெருங்கிய இனங்களின் இரட்டிப்புப் புரதங்கள் பெரிதும் ஒத்திருப்பதால், அவற்றிடையே குடிபெயரும் பிளாஸ்மிட்டுக்குத் தடை குறைவு. தொலைவான இனங்களில் அத்தடை மிகும். ஆய்வகங்களில் வழங்கும் பிளாஸ்மிட் வகைப்பாடு, இரட்டிப்புப் பகுதியின் டி.என்.ஏ. வரிசையைப் படிக்கிறதேயன்றி, அது குறிப்பிட்ட செல்லில் நிலைக்குமா என்பதைச் சொல்வதில்லை. அதனை அறிய, மருந்தில்லா ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்து, பிளாஸ்மிட்டைத் தக்கவைத்த செல்களின் விகிதத்தை ஒவ்வோர் ஓம்புயிரிலும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.